ஹவில்தார் தூக்கிவந்த பெட்டி

மார்ச் 2, ஞாயிறு

மகள் பிருந்தா காலையில் பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பும்போது குண்டைத் தூக்கிப் போட்டாள். இனிமேல் ஆட்டத்தை நடத்த அவளால் முடியாதாம். வேலை மாறிவிட்டது, சனிக்கிழமையும் கம்ப்யூட்டரோடு உட்கார வேண்டியிருக்கிறது. வந்து விளையாடுவாளாம், ஆனால் கதை தயார் செய்ய நேரமில்லையாம்.

அந்த ஆட்டம் என்னவென்று இங்கே எழுதி வைக்கிறேன். மேசையைச் சுற்றி நாலு பேர். ஒருத்தர் கதையை நடத்துவார். "எதிரே குகை, உள்ளே ஏதோ உறுமுகிறது" என்பார். மற்ற மூன்று பேருக்கும் ஆளுக்கொரு வேஷம். என் ஆள் ஓடுகிறான், என் ஆள் கத்தியை எடுக்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டியதுதான். சொன்னது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். வளர்ந்தவர்கள் செய்கிற வேலையா என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

ஆனால் ஹவில்தார் பேசுகிறார். என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆகி ஐந்து வருஷம். இந்த ஐந்து வருஷத்தில் வீட்டில் அவர் பேசியதையெல்லாம் இந்த டைரியின் இரண்டு பக்கத்தில் அடக்கிவிடலாம். அந்த மேசையில் மட்டும் வாய் திறக்கிறார். போன வருஷம் மீனவனாக வேஷம் போட்டு, வலைக்கு வரி கேட்ட ராஜாவோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினார். டீ தம்ளரோடு நின்றபடியே கேட்டேன். டீ ஆறிவிட்டது.

ஆட்டம் நின்றால் மறுபடியும் கட்டில், ரேடியோ. அதனால் நானே நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிருந்தா சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இருபத்திரண்டு வருஷமாகக் காட்பாடியில் வாடகை ஸ்டோர் நடத்துகிறேன். பந்தல், நாற்காலி, பாத்திரம், ஜெனரேட்டர், சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி. எது எப்போது வர வேண்டும், யார் எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் என் தொழிலே. கதை அதைவிடப் பெரிய வித்தையா?

மார்ச் 5, புதன்

என்ன கதை என்று பிருந்தா போனில் கேட்டாள். போர்க்கதை என்றேன். மிலிட்டரிக்காரருக்கு வேறு எது பிடிக்கும்?

"ஸ்வீட் கடைக்காரருக்கு ஜிலேபி வாங்கிக்கினு போவியாம்மா நீ?" என்றாள்.

வாய் அதிகம். போரோடு பேயையும் சேர்த்துக்கொள் என்று அவளே யோசனையும் சொன்னாள். பாழடைந்த கோட்டை, தீராத பாவம், அலைகிற ஆவி என்று இப்படி ஒரு வகை உண்டாம், வெளிநாட்டில் மாசக்கணக்கில் விளையாடுவார்களாம். சாவு வீட்டுக்குப் பெட்டி அனுப்புகிறவளுக்குப் பேய்க்கதை வராதா என்ன. எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

கழுகுமேட்டுக் கோட்டை. நூறு வருஷம் முன்னால் போர் முடிந்துவிட்டது. முடிந்தது என்று கோட்டைக்குள் இருந்த படைக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. செத்த பிறகும் காவல் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். சாயங்காலம் முரசு அடித்தால் வரிசையாகப் பந்தியில் உட்காருகிறார்கள். இலை போட்டிருக்கிறது, இலையில் ஒன்றுமில்லை.

கடைசி வரியை எழுதிவிட்டு எனக்கே முதுகு சில்லிட்டது. இன்று நாற்காலி துடைக்க ஆள் வரவில்லை. நானே எண்பது துடைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

முதல் ஆட்டம். குடோன் மாடியில், பந்தி மேசையில் கறுப்புத் துணி விரித்து, ஜன்னலுக்குச் சாமியானாத் துணி கட்டி, பகலிலேயே இருட்டு பண்ணினேன். பிருந்தா மருத்துவச்சி. எங்கள் கடைக்குப் பந்தல் துணி தைக்கிற பிரான்சிஸ் திருடன். ஹவில்தார் காலாட்படை வீரன்.

பந்திக் காட்சியைக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். இலையில் ஒன்றுமில்லை என்று முடித்து, ஒரு மூச்சு நிறுத்தினேன்.

"எத்தினி இலைக்கா?" என்றான் பிரான்சிஸ்.

யோசிக்காமல் நூற்றியிருபது என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் இரண்டு பந்தி, பரிமாற ஆள் போதாதே என்றான். போதும், எட்டுப் பேர் இருந்தால் சமாளிக்கலாம் என்று நானும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். பிருந்தா மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பேயெல்லாம் சோற்றுக்குக் காத்திருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டது. ஒரு வார உழைப்பு, ஒரு கேள்வியில் போயிற்று.

ஹவில்தார் மட்டும் சிரிக்கவில்லை. தன் ஆளிடம் ஒரு மரப்பெட்டி இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். நீளமான பெட்டியாம். முதுகில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே வருவாராம். என் கதையில் அப்படி ஒரு பெட்டியே கிடையாது. உள்ளே என்ன என்று கேட்டேன்.

"தெரியாது. தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

அதை இழுத்துக்கொண்டு வாளை உருவ முடியாது, மதில் ஏற முடியாது, ஓட முடியாது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். பரவாயில்லை என்றார். மூன்று மணி நேரத்தில் அவர் பேசியது இவ்வளவுதான். போர்க்கதை வைத்தால் பேசுவார் என்று நான் போட்ட கணக்கு.

மார்ச் 20, வியாழன்

இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து. ஜெனரேட்டர் புகைகிறது. கோட்டைக்கு நேரமில்லை.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டாவது ஆட்டம். பெட்டியைத் தொலைத்துவிட வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கோட்டை வாசலில் தலையில்லாத காவலன். உள்ளே போக வேண்டுமானால் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் போ என்கிறான். பிரான்சிஸ் தன் கத்தியை வைத்தான் (வாய் இல்லாதவன் எப்படிப் பேசினான் என்று கேட்டுவிட்டுத்தான்). பிருந்தா மருந்துப் பையை வைத்தாள். ஹவில்தார் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம் மற்ற இருவரும் உள்ளே அலைந்தார்கள். இவர் வெளியே பெட்டியோடு. "உங்க ஆள் இன்னா செய்றான்" என்று கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "காவல்."

நூற்றியிருபது பேய் காவல் காக்கிற கோட்டைக்கு இவர் நூற்றியிருபத்தோராவது ஆள்.

ஏப்ரல் 2, புதன்

பிருந்தாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். கதையென்றால் பந்தி மாதிரி. பாயசத்தை முதலிலேயே கேட்டு உட்கார்ந்திருந்தால் பரிமாறுகிறவள் என்ன செய்வாள்? அவள் என்னைக் கத்தி முடிக்க விட்டாள். பிறகு, "அந்தப் பெட்டி இன்னான்னு நெஜமாவே உனக்குத் தெரியலையாம்மா?" என்றாள்.

அதற்குக் கதையில் இடமில்லை, அதுதான் எனக்குத் தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மூன்றாவது ஆட்டம். கோட்டைக்குள் வெள்ளம் வைத்தேன். இடுப்பளவு தண்ணீர், இழுப்பு அதிகம். பகடை உருட்டச் சொன்னேன். ஹவில்தாருக்கு மூன்று விழுந்தது. மூன்றுக்கு ஒன்றும் செய்ய முடியாது, பெட்டி போய்விட்டது என்று சொன்னேன். சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல்தான் சொன்னேன்.

"அப்ப நானும் போறேன்" என்றார்.

உங்கள் ஆள் செத்துவிடுவான், ஆட்டம் முடிந்துவிடும், இனி வேறு வேஷம்தான் என்று விளக்கினேன். சரி என்று தலையாட்டினார். பகடையை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பிரான்சிஸ்தான் நடுவில் புகுந்தான். திருடனிடம் கயிறு இருக்கிறது, வீசுகிறேன் என்று சொல்லி உருட்டினான். பதினெட்டு. ஆளும் பெட்டியும் கரையேறிவிட்டார்கள்.

நாளை வருஷப் பிறப்பு. மாங்காய் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

செம்பேட்டிலிருந்து கன்னியம்மா போன் செய்தார். மே பதினேழு, மகன் நினைவு நாள், வழக்கம்போல. சின்னப் பந்தல், ஐம்பது நாற்காலி. அவர் மகன் முனிரத்தினம் பட்டாளத்தில் ஹவில்தாரோடு ஒரே கம்பெனியில் இருந்தவன். பன்னிரண்டு வருஷம் முன்னால் வடக்கே குண்டு வெடித்துச் செத்து, பெட்டியில் ஊர் வந்தான். கூட வந்தது ஹவில்தார்.

ரிட்டயர் ஆனதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் இவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும். பென்ஷன் ஆபீஸ், பல் டாக்டர், ஒரு வருஷம் திருத்தணி. ஆள் பற்றாக்குறையில் நான் திண்டாடுகிற முகூர்த்த மாதத்தில் தவறாமல் காணாமல் போகிறவரை என்ன சொல்ல.

முனிரத்தினத்தின் பெட்டி வந்த அன்றும் சண்டைதான். நான் ஐஸ் பெட்டியை வண்டியிலிருந்து இறக்குகிறேன், இவர் யூனிபாரத்தில் வந்து, வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்றார். மே மாத வெயில். ஊரே பார்க்கிறது. தொழில் தெரியாதவர் குறுக்கே வந்தால் எனக்கு ஆகாது. உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, பிளக் பாயிண்ட் எங்கே என்று அவரிடமே கேட்டேன். மரப்பெட்டி உள்ளே கொள்ளவில்லை. கண்ணாடி மூடியைக் கழற்றிவிட்டு, குளிர்த் தட்டின் மேலேயே ஏற்றி வைத்தோம். என் தொழிலில் நான் செய்தது சரி.

ஏப்ரல் 27, ஞாயிறு

நான்காவது ஆட்டம், நடக்கவில்லை.

இவர்களைப் பயமுறுத்த இனி வாயால் முடியாது என்று தெரிந்துவிட்டது. கோட்டையின் அடியில் ஒரு பாதாள அறை, அங்கே படைத்தலைவனின் பிணம். அதற்கு ஐஸ் பெட்டி ஒன்றை மாடிக்கு ஏற்றி, கறுப்புத் துணி போர்த்தி, கரண்ட் கொடுத்தேன். அந்த மோட்டார் சத்தம் சாவு வீட்டில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பிரான்சிஸ் கூடச் சிலுவை போட்டுக்கொண்டான். ஒரு நிமிஷம், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஹவில்தார் கடைசியாகத்தான் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இத யாரு இங்க கொண்டாந்தது?"

"நான்தான்."

"அன்னைக்கும் நீதான்."

இறங்கிப் போய்விட்டார். பிருந்தா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை. பெட்டியை இறக்கிக் கழுவி, பழைய இடத்தில் வைத்தோம்.

ஏப்ரல் 28, திங்கள்

கட்டில். ரேடியோ.

மே 1, வியாழன்

கட்டில். ரேடியோ. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார்.

மே 4, ஞாயிறு

கதைக்கு முடிவு எழுத உட்கார்ந்தேன். கோட்டையின் பின்வாசலில் ஒரு கிழவி. நூறு வருஷமாக மகனுக்குக் காத்திருக்கிறாள். பெட்டியைத் திறந்து காட்டினால்தான் சாபம் தீரும், படை கலையும். பிருந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்பப் பொருத்தமான முடிவுதான், ஆனால் அப்பாவிடம் இதை வைக்காதே என்றாள். பொருத்தமான சரக்கை ஏன் வைக்கக் கூடாது? காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். இந்த வீட்டில் யாருமே எதையும் சொல்வதில்லை. கேட்காமலே தெரிந்துகொள்ள நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்?

மே 11, ஞாயிறு

மூன்று பேர், நாலு நாற்காலி. ஹவில்தார் வரவில்லை. பிரான்சிஸ் இரண்டு ஜோக் சொன்னான், யாரும் சிரிக்காததால் மூன்றாவதை விழுங்கிவிட்டான். பாதியில் மூட்டை கட்டினோம். கதையைக் கிழித்துப் போட எடுத்தேன். இரண்டு மாச உழைப்பு, கிழிக்க மனசு வரவில்லை.

மே 16, வெள்ளி

காலை ஏழு மணிக்கு நாளைக்கான சரக்கைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலியைப் பத்துப் பத்தாக அடுக்கினால்தான் எண்ணுவது சுலபம். மூன்றாவது அடுக்கை யாரோ எதிர்ப்பக்கம் பிடித்தார்கள். ஹவில்தார். இரண்டு பேரும் ஐம்பதையும் வண்டியில் ஏற்றினோம். கயிறு கட்டும்போது, முடிச்சைப் பார்த்தபடியே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உள்ள அவன் இல்ல, பூங்கா."

எதன் உள்ளே என்று நான் கேட்கவில்லை.

"அவன் யூனிபாரம். நாலு கம்பளி. அவன்னு சொல்ல ஒரு கைப்பிடிதான் இருந்துச்சி. லேசா இருந்தா தூக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும்னு நான்தான் கம்பளிய மடிச்சி மடிச்சி வெச்சேன். ஐஸுக்கு அங்க இன்னா வேலை? அதத்தான் வேணாம்னேன்."

கன்னியம்மா அன்று முழுக்க, ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டு என்று இவர் காலைக் கட்டிக்கொண்டு கேட்டாராம். உத்தரவு இல்லை என்று இவர் சொன்னாராம். தூங்கினாற்போலத்தான் இருக்கிறான், வலியில்லாமல் போய்விட்டான் என்றும் சொன்னாராம். அதன் பிறகு அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை.

நான் அப்போது எங்கே இருந்தேன்? பிளக்குக்கு ஒயர் எட்டவில்லை என்று பக்கத்து வீட்டில் எக்ஸ்டென்ஷன் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் பிரான்சிஸும் ஒருவன். தட்டின் மேல் ஏற்றும்போது என் காதில், "அக்கா, உள்ள மெத்துனு எதுவோ நவுருது" என்றான். சும்மா இருடா என்றேன். ஆயிரம் பிணத்துக்குப் பெட்டி அனுப்பியவள் நான். ஆள் படுத்திருக்கிற பெட்டி எப்படிக் கனக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார் என்று பயம். இத்தனை வருஷமும் அவர் பேசுவதில்லை என்று நான்தான் ஊரெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே 17, சனி

வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். பந்தலுக்குக் கால் நட்டதும் அவர்தான்.

கன்னியம்மா அவரைப் பார்த்ததும், இங்கே வர வழி இப்போதுதான் தெரிந்ததா என்று கேட்டு உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை. நின்றபடியே, அன்றைக்கு நீங்கள் திறந்து காட்டச் சொன்னீர்கள் என்று ஆரம்பித்தார். அதோடு நிறுத்திப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"உடு. தொறந்திருந்தா மட்டும் நான் எத்தப் பாத்திருப்பேன்" என்றார் கன்னியம்மா. "ஆள் இல்லன்னு பெத்தவளுக்குத் தெரியாதா? தொறக்க மாட்டேன்னு நீ நின்ன பாரு, அப்பவே தெரிஞ்சிபோச்சி."

பிறகு என்னைக் காட்டினார்.

"இந்தப் பொண்ணு வெச்ச ஐஸு பலகையெல்லாம் ஏறிச்சி. எடுத்துக்கினு போற வரைக்கும் அதும்மேல கைய வெச்சிக்கினுதான் இருந்தேன். வெயில்ல வந்த புள்ளைக்கி இதுனாச்சும் சில்லுனு இருக்கேன்னு இருந்துச்சி."

ஹவில்தார் உட்கார்ந்தார். இலை போட்டார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வரை எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, கடைசிப் பந்தியில் இரண்டு தரம் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாற்காலி நாற்பத்தொன்பதுதான் திரும்பி வந்தது. ஒன்றை இவர் கன்னியம்மா வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அடுத்த தடவை போகும்போது உட்கார வேண்டுமாம்.

மே 25, ஞாயிறு

கடைசி ஆட்டம். ஜன்னலுக்குத் துணி கட்டவில்லை. நல்ல வெளிச்சம்.

நாலு நாற்காலியிலும் ஆள். கோட்டையின் பின்வாசலுக்கு வந்துவிட்டார்கள். கிழவி உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னேன். அவள் பேச வேண்டிய வசனம் ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். திறந்து காட்டு, இல்லாவிட்டால் சாபம் என்று மிரட்டுகிற வசனம். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ரொம்பத் தூரம் தூக்கிக்கினு வந்துட்டியேப்பா" என்றேன். கிழவியின் குரல் வரவில்லை. என் குரல்தான் வந்தது.

ஹவில்தார் பெட்டியை இறக்கி வைக்கிறேன் என்றார். முதுகுக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைக்கிறேன் என்றார்.

"தொறக்கறீங்களா அப்பா?" பிருந்தா பகடையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் பகடையைத் தொடவில்லை.

"வேணாம். கெழவி கைய வெச்சிப் பாக்கட்டும்."

மேசை மேல் பெட்டி எதுவும் கிடையாது. வெறும் பலகை, பாயசக் கறை போகாத பந்தி மேசை. கையை வைத்தேன். அவரும் வைத்தார். பிரான்சிஸ் ஏதோ கேட்க வாயைத் திறந்தான். பிருந்தா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.